கணிப்பொறியியல் கற்கப் போகும் மாணவருக்கு



சென்ற பொங்கல் விடுமுறைக்கு என் பிறந்த ஊராகிய ஜெயமங்கலத்திற்குச் சென்றிருந்தேன். உங்களில் பலர் அவ்வூரின் பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள். தேனி மாவட்டத்தில், பெரியகுளத்திலிருந்து புறப்பட்டு வடுகபட்டி, மேல்மங்கலம் என்று வராக நதியின் போக்கிலேயே வந்தால் எங்கள் ஊரை அடையலாம். நெல்லும் வாழையும் தென்னையும் பயிராகும் ஊர். ஆற்றில் நீர் வந்தால் ஊரில் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். நீர் வராத ஆண்டில் எல்லாரும் வழக்கு மன்றங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். உள்ளே வா என்று அழைத்தேன், வரவில்லை. திண்ணையின் ஓரத்திலேயே நின்றான். அவன் கையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு விளக்க ஏடு இருந்தது. தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்று வெளியிட்டது. அட்டையில் கண்ணாடிச் சுவர்களையுடைய பெரிய கட்டடம். அதன் முன்னே புல்வெளி. புல்வெளியில் சிரித்துக்கொண்டிருக்கும் நான்கு மாணவர்கள். அவர்களுள் ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை என்பது எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

“ஐயா, கணிப்பொறியியல் படிக்க இங்கே இடம் தருவதாக எழுதியிருக்கிறார்கள். நான்கு ஆண்டுக்கும் சேர்த்துப் பல லட்சம் ஆகிறது. அப்பா தோப்பை அடகு வைக்கிறேன் என்கிறார். வைக்கலாமா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அன்று காலையில் என்னால் விடை சொல்ல முடியவில்லை. மாலையில் வா என்று அனுப்பிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அதே திண்ணையில் அதே கேள்வியை என் தந்தையார் என்னிடம் கேட்டார். அன்று நான், “வையுங்கள், அப்பா” என்று சற்றும் யோசியாமல் சொல்லிவிட்டேன்.

அது 1998-ஆம் ஆண்டு. கம்ப்யூட்டர் படித்தவனுக்கு அமெரிக்கா கைக்கெட்டும் தூரம் என்று ஊரெல்லாம் பேச்சு. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டம் 2001-இல்தான் வந்தது. ஆகையால் அன்று பணம் வேண்டும் என்றால் நிலத்தைத்தான் நம்ப வேண்டும். அப்பா தென்னந்தோப்பை ஈடு வைத்தார். வேற்று மாநிலத்தில், ஆராய்ச்சிக்குப் பேர்போனது என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட ஒரு தனியார் கல்வி நிலையத்தில் நான் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. வாயிலில் ‘ஆராய்ச்சி’ என்ற சொல் ஆள் உயரத்திற்கு எழுதப்பட்டிருந்தது. உள்ளே ஆய்வுக்கூடத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆசிரியர்களில் பலர் பழைய குறிப்பேட்டைப் பார்த்துப் படிப்பார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். முதல் இரண்டு ஆண்டுகளில் நான் மூன்று கணிப்பொறி மொழிகளைக் கற்றேன். கணிப்பொறியியலைக் கற்றேனா என்றால், இல்லை.

இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, இரவில் அப்பாவோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வயலுக்கு நீர் முறை நள்ளிரவில் வரும். காத்திருந்த நேரத்தில் அப்பா கேட்டார்: “அங்கே என்னதாம்ப்பா சொல்லிக் கொடுக்கிறார்கள்?”

நான் திணறிப் போனேன். மொழிகளின் பெயர்களைச் சொன்னேன். “மொழி படிக்கவா தோப்பை ஈடு வைத்தோம்?” என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலோடுதான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விடாமல் துரத்தியது.

மூன்றாம் ஆண்டில்தான் அதற்கு விடை கிடைத்தது. அந்தக் கல்வி நிலையத்தில் உண்மையாகவே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஒரு சிறு அறைதான் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். ஒருநாள் அவர் என்னை அழைத்து, “உனக்கு ஊரில் நிலம் உண்டா? நீர் பாய்ச்சுவதில் தகராறு வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். என்ன தகராறு என்று விளக்கச் சொன்னார். நான் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னேன்.

எங்கள் பெரியப்பாவுக்கும் சிற்றப்பாவுக்கும் பொதுவாக ஓர் ஆயில் எஞ்சினும் ஒரு நீண்ட ரப்பர்க் குழாயும் இருந்தன. இரண்டும் சேர்ந்தால்தான் கிணற்று நீரை வயலுக்கு இறைக்கலாம். ஒரு கடுங்கோடை இரவில் பெரியப்பா எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு தம் கிணற்றுக்குப் போய்விட்டார். அதே நேரத்தில் சிற்றப்பா குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தம் கிணற்றுக்குப் போய்விட்டார். தம்பி குழாயைக் கொண்டு வரட்டும் என்று அண்ணன் காத்திருந்தார். அண்ணன் எஞ்சினைக் கொண்டு வரட்டும் என்று தம்பி காத்திருந்தார். விடிந்தது. இரண்டு வயலும் காய்ந்தன. பிறகு இருவரும் ஓர் ஆண்டு பேசிக்கொள்ளவில்லை.

ஆசிரியர் சிரித்தார். “இந்த முடக்கம் கணிப்பொறிக்குள்ளும் நிகழ்கிறது. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் பொறியில், ஒரு வேலை அச்சுப் பொறியைப் பிடித்துக்கொண்டு கோப்புக்காகக் காத்திருக்கும்; இன்னொரு வேலை கோப்பைப் பிடித்துக்கொண்டு அச்சுப் பொறிக்காகக் காத்திருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் இது வரும். வராமல் தடுப்பதற்கு ஒரு விதி சொல். அந்த விதி தவறாது என்று நிறுவிக் காட்டு. ஒரு வாரம் எடுத்துக்கொள்” என்றார்.

அதுவரை எனக்கு யாரும் ஒரு வாரம் கொடுத்ததில்லை. ஒரு மணி நேரத் தேர்வுக்கே பழகியவன் நான். நான்காம் நாள் இரவில் ஒரு வழி தோன்றியது. அதை உங்களுக்கும் சொல்கிறேன். தாளும் எழுதுகோலும் இல்லாமலே தொடரலாம்.

பொருள்களுக்கெல்லாம் 1, 2, 3 என்று எண் இடுங்கள். எஞ்சினுக்கு 1, குழாய்க்கு 2. யாராயினும் சிறிய எண்ணை முதலில் எடுத்த பிறகே பெரிய எண்ணை எடுக்க வேண்டும். பெரிய எண் கையில் இருக்கும்போது சிறிய எண்ணுக்குக் கை நீட்டக் கூடாது. விதி இவ்வளவுதான். இப்போது நூறு பேரும் நூறு பொருள்களும் இருக்கின்றன என்று கொள்வோம். எல்லாரும் ஒருவருக்காக ஒருவர் காத்து முடங்கிவிட்டார்கள் என்றும் கொள்வோம். அவர்கள் கைகளில் உள்ள பொருள்கள் அனைத்திலும் மிகப் பெரிய எண்ணை வைத்திருப்பவர் யார் என்று பாருங்கள். அவர் எதற்காகக் காத்திருக்கிறார்? விதிப்படி, தம் கையில் உள்ளதைவிடப் பெரிய எண்ணுக்காகவே காத்திருக்க வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய எண் எவர் கையிலும் இல்லையே! சும்மா கிடக்கும் பொருளை எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன தடை? எடுத்துக்கொள்வார், வேலையை முடிப்பார், எல்லாவற்றையும் விடுவிப்பார். ஆகவே முடக்கம் என்பது நேரவே முடியாது.

இது உலகம் முன்பே அறிந்த விடைதான் என்று ஆசிரியர் பிறகு சொன்னார். எனக்கு அதனால் வருத்தம் இல்லை. நூறு பேர் என்று சொன்ன இடத்தில் பத்துக் கோடி பேர் என்று வைத்தாலும் அந்த வாதம் அசையாது என்று கண்டபோது, ஒரு படிப்பு என்றால் என்ன என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்த விடுமுறையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, “எஞ்சினை எடுத்தவன்தான் குழாயைத் தொடலாம் என்று நம் நீர்க்கட்டி அடுத்த நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாரே. அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்?” என்றார். உண்மைதான். நீர்க்கட்டிக்கு அது தெரிந்திருந்தது. எங்கள் வாய்க்காலுக்கு, எங்கள் பத்து வயலுக்கு, அவர் வாழ்நாளில் கண்டவரைக்கும் தெரிந்திருந்தது. எத்தனை வயலாயினும், எவர் வந்தாலும் தவறாது என்று காட்டுவது வேறு. அந்த ‘வேறு’தான் கணிப்பொறியியல்.

நண்பர்களே, இந்தப் படிப்பின் பெயரில் பொறி இருப்பதால் நாம் ஏமாந்து போகிறோம். பொறி வருவதற்கு முன்பே இந்த இயல் பிறந்துவிட்டது. 1936-இல் இங்கிலாந்தில் ஆலன் தூரிங் என்ற இளைஞர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். எந்தச் செயல்முறையைக் கொடுத்தாலும், அது என்றாவது முடியுமா, முடியாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவான முறை ஒன்று உண்டா? இல்லை, இருக்கவும் முடியாது என்பது அவருடைய ஆராய்ச்சியிலிருந்து பெறப்பட்ட முடிவு. அப்போது உலகில் இன்றைய பொருளில் ஒரு மின்னணுக் கணிப்பொறிகூட இல்லை. தாளில் ஒரு பொறியைக் கற்பனை செய்து, அதனால் இயலாததை அவர் முதலில் கண்டுபிடித்தார். நம் நாட்டில் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் கட்டப்பட்ட கணிப்பொறி 1960-இல் முறையாக இயங்கத் தொடங்கியது. அதைக் கட்டிய குழுவை நடத்திய இர. நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவில் கணிதத்தில் பட்டம் பெற்றவர்.

சரி என்று நிறுவாமல் விட்டால் என்ன நேரும்? 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பிய நாடுகள் ஏரியேன் 5 என்னும் புதிய ராக்கெட்டை முதல் முறையாக ஏவின. ஏறத்தாழ 40 நொடிகளில் அது திசை மாறி வெடித்துச் சிதறியது. காரணம் ஒரு சிறு நிரல் வரி. பழைய ஏரியேன் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரலை அப்படியே புதியதில் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் பழையதைவிட மிகுதி. அந்த எண்ணை 32,767-க்கு மேல் கொள்ளாத ஒரு சிறிய இடத்தில் இட முயன்றபோது அது கொள்ளவில்லை. மரக்கால் நெல்லைப் படியில் கொட்டினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. நிரல் எழுதியவர்கள் மொழி அறியாதவர்கள் அல்லர். இந்தப் படி இவ்வளவுதான் கொள்ளும், இதற்குமேல் வந்தால் என் செய்வது என்று கேட்கும் வேலை அந்த ஓரிடத்தில் விடுபட்டுவிட்டது.

இனி, மாணவன் கையில் இருந்த ஏட்டுக்கு வருவோம். ‘தனியார்’ என்ற சொல்லையும் ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லையும் அது ஒரே மூச்சில் சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க இயலாது என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஜாம்செட்ஜி டாட்டாவின் கொடையால் பெங்களூரில் 1909-இல் இந்திய அறிவியல் கழகம் பிறந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929-இல் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அது 2013-இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. பிலானியில் பிர்லா குடும்பத்தாரின் கல்லூரிகள் 1964-இல் பல்கலைக்கழக நிலை பெற்றன. ஆனால் நான் உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது நம் சென்னையிலேயே நிகழ்ந்த ஒரு முயற்சியைப் பற்றி.

சி. எஸ். சேஷாத்ரி என்னும் கணித அறிஞர் 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சென்னை லயோலாக் கல்லூரியில் படித்தார். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலும் பாரிசு நகரத்திலும் பயின்று, நரசிம்மன் என்ற மற்றொரு கணித அறிஞரோடு சேர்ந்து 1965-இல் நிறுவிய தேற்றத்தால் உலகப் புகழ் பெற்றார். (முன்னே சொன்ன நரசிம்மன் வேறு, இவர் வேறு.) கருநாடக இசையிலும் அவர் வல்லவர். அப்படிப்பட்டவர் ஐம்பத்தேழாம் வயதில், 1989-இல், ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையின் துணையோடு சென்னையில் ஒரு சிறு கணிதப் பள்ளியைத் தொடங்கினார்.

ஸ்பிக் என்றால் என்ன? தூத்துக்குடியில் உரம் செய்யும் நிறுவனம். எங்கள் ஊர் உழவர்கள் தோளில் சுமந்து வந்த யூரியா மூட்டைகளின் மேல் அந்தப் பெயரைச் சிறுவயதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். நெல்லுக்கு உரம் விற்ற பணத்தில் ஒரு பங்கு, எவருக்கும் உடனடிப் பயன் இல்லாத தூய கணித ஆராய்ச்சிக்குப் போயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆராய்ச்சி செய்கிறவர்களே இளங்கலை மாணவருக்கும் பாடம் சொல்ல வேண்டும் என்பது சேஷாத்ரியின் கருத்து. நம் நாட்டில் பெரும்பாலும் ஆராய்ச்சி ஒரு கட்டடத்திலும் கற்பித்தல் வேறொரு கட்டடத்திலும் நடந்துவந்தன. அவர் 1998-இல் கணிதமும் கணிப்பொறியியலும் சேர்ந்த இளங்கலைப் படிப்பைத் தொடங்கினார். அப்போது அந்த நிலையத்திற்குப் பட்டம் வழங்கும் உரிமைகூட இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் முதல் மாணவர்கள் பட்டம் பெற்றார்கள். மகனையோ மகளையோ அங்கே அனுப்பிய பெற்றோர் என்ன துணிவோடு அனுப்பியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! கண்ணாடிக் கட்டடம் இல்லை. பட்டம் சென்னையின் பெயரில் இல்லை. இருந்தவர்கள் ஆசிரியர்கள் மட்டுமே. 2005-இல் சிறுசேரியில் அதற்கென்று வளாகம் அமைந்தது. 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சென்னைக் கணிதக் கழகம் என்று இன்று அது உலகம் அறிந்த இடம். நிரல்களும் பொறிகளும் பிழையின்றி இயங்குமா என்று கணித முறையில் நிறுவும் துறையில் அங்கே நல்ல ஆராய்ச்சி நடைபெறுகிறது. சேஷாத்ரி 2020-இல் மறைந்தார்.

1998 என்று சொன்னேன் அல்லவா? என் தந்தையார் தோப்பை ஈடு வைத்த அதே ஆண்டு. அப்படி ஓர் இடம் உண்டு என்று ஜெயமங்கலத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு பேச்சு. நுழைவுத் தேர்வு கடினமானது. ஆனால் கேள்வியே படாமல் போனது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். அந்தக் கழகம் தனியார் முயற்சிதான். ஆயினும் அதன் ஆராய்ச்சி மாணவர் கட்டும் கட்டணத்தில் நடப்பது அன்று. முதலில் ஓர் உர நிறுவனத்தின் கொடை. பின்னர் வேறு நிறுவனங்களின் கொடைகள். அவற்றோடு நடுவணரசின் அணுசக்தித் துறையின் உதவி. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸ்டான்போர்டு தனியார் பல்கலைக்கழகம். மகனை இழந்த ஒரு செல்வர் குடும்பத்தின் கொடையால் எழுந்தது. கார்னிகி மெலனும் தனியார் பல்கலைக்கழகமே. ஆனால் அவற்றின் கணிப்பொறி ஆராய்ச்சிக்குப் பெரும்பகுதி பணம் அரசிடமிருந்து வந்தது.

அவ்விரண்டு இடங்களிலும் வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ராஜ் ரெட்டி 1937-இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூர் மாவட்டத்தில், காட்டூர் என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தாம். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியா சென்று படித்தார், வேலையும் பார்த்தார். பிறகு ஸ்டான்போர்டில் சேர்ந்து 1966-இல் முனைவரானார். அங்கே கணிப்பொறியியல் துறை தொடங்கியதே 1965-இல்தான்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இந்த வானொலி நிலையத்திற்கு மிகப் பொருத்தமானது. நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள், பொருள் விளங்குகிறது. ஒலிவாங்கிக்கு விளங்குகிறதா? இல்லை. அது அலைகளைத்தான் வாங்குகிறது. ‘வாழை’ என்று நான் சொல்வதும் உங்களில் ஒருவர் சொல்வதும் அலையாகப் பார்த்தால் வெவ்வேறு. அந்த அலையிலிருந்து சொல்லைப் பிரித்தெடுக்கப் பொறிக்குக் கற்பிக்க முடியுமா? முடியும் என்று அப்போது சொன்னவர்கள் சிலரே. 1969-இல் அவர் கார்னிகி மெலனுக்குப் போனார். அவர் வழிகாட்டிய குழு 1976-இல் ஏறத்தாழ 1,000 சொற்களைக் கேட்டு அறியும் நிரலை முடித்தது. பத்து ஆண்டுகளில் ஆயிரம் சொல்! நம் வீட்டுக் குழந்தை சில ஆண்டுகளில் கற்றுவிடும். ஆனால் அந்த ஆயிரத்தின் மேல்தான் பின்னால் வந்தவர்கள் கட்டினார்கள். இன்று எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஊர்ப் பாட்டி கைப்பேசியை வாயருகே வைத்துப் பேரனின் பெயரைச் சொன்னால் அது பேரனைக் கூப்பிடுகிறது. 1994-இல் ராஜ் ரெட்டிக்குத் தூரிங்கின் பெயரால் அமைந்த பரிசு, இத்துறையின் மிக உயர்ந்த பரிசு, கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பிறகு 2008-இல் ஆந்திர மாநிலத்தில் சிற்றூர் மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திற்கு அவர் வேந்தராக இருந்தார். தாம் எங்கிருந்து போனோம் என்பதை அவர் மறக்கவில்லை.

மாலையில் மாணவன் மறுபடியும் வந்தான். இம்முறை தந்தையையும் அழைத்து வந்தான். இருவரும் உள்ளே வந்து அமர்ந்தார்கள். நான் மேலே கூறியவற்றில் சிலவற்றைச் சொன்னேன். தந்தையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்போது அந்த நிரலை எல்லாம் பொறியே எழுதிவிடுகிறதாமே, தம்பி. பிறகு இவன் படித்து என்ன ஆகப் போகிறது?” என்றார்.

நல்ல கேள்வி. 2022-ஆம் ஆண்டின் முடிவிலிருந்து இக்கேள்வி எல்லா வீடுகளிலும் கேட்கிறது. தமிழில் கேட்டாலும் நிரல் எழுதித் தரும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துவிட்டன என்பது மெய். அவை எழுதுவதில் பிழையும் இருக்கிறது. பிழையைப் பிழையென்று சொல்லாமல் மிகுந்த நம்பிக்கையோடு நீட்டுகின்றன என்பதும் மெய். மூன்று மொழிகளை மட்டும் கற்ற 1998-ஆம் ஆண்டு மாணவனுக்கு இன்று அந்தப் பொறி போட்டியாளன். படிக்கட்டு அறையில் ஒரு வாரம் யோசித்த மாணவனுக்கு அது கையாள். எத்தனை ஆண்டுகளுக்கு இந்த வேறுபாடு நிலைக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் ஆகாது. ஆயினும் இன்றைய நிலையில், நிரல் மொழியை மட்டும் விற்கும் இடத்திற்கு ஒரு தோப்பைக் கொடுப்பது மிகுதியான விலை என்று அவரிடம் தயங்காமல் சொன்னேன்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். பேச வெட்கப்படக் கூடாத பொருள் அது. வங்கிக் கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதன்பின் பொதுவாக ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை; ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். இதைப் பலர் பிறகுதான் அறிகிறார்கள். என்னோடு 2002-இல் பட்டம் பெற்றவர்களுக்கு, அமெரிக்கக் கணிப்பொறித் தொழில் சரிந்திருந்த காரணத்தால் வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. எங்கள் தோப்பை மீட்க ஏழு ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனையோ மரங்கள் பட்டுப் போயின. ஈட்டில் இருக்கும் தோப்புக்கு யார் நீர் ஊற்றுவார்கள்?

இன்னொன்றும் சொன்னேன். அந்த மாணவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். 2021-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டப்படி, அரசு நடத்தும் பொறியியற் சேர்க்கையில் அத்தகையோருக்கு 7.5 விழுக்காடு இடங்கள் தனியாக உண்டு. அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. கிண்டியும் அந்தச் சேர்க்கையில் அடங்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அடங்கா. ராஜ் ரெட்டி படித்த கிண்டி இருக்கும்போது, தோப்பை ஈடு வைத்துத் தனியாரிடம் போவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

“அந்தக் காரணம் இங்கே இருக்கிறதா என்று எப்படி அறிவது?” என்றான் மாணவன், ஏட்டைத் தொட்டு.

ஏட்டைப் பார்த்து அறிய முடியாது. எழுதிக் கேள் என்றேன். இந்தத் துறையில் இப்போது எவரெவர் என்னென்ன கேள்விகளை ஆராய்கிறார்கள், அவர்களுடைய கட்டுரைகளில் இரண்டின் பெயர் என்ன என்று கேள். அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வருகிறது, மாணவர் கட்டணத்திலிருந்தா, வெளியிலிருந்தா என்று கேள். மாணவர் கட்டணமே முழு வருமானம் என்றால், அங்கே ஆராய்ச்சி என்பது வாயிற் பலகையாகவே இருக்கக் கூடும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆராய்கிறவர்களில் எத்தனை பேர் முதலாண்டு வகுப்புக்குள் வந்து பாடம் சொல்கிறார்கள் என்று கேள். எனக்கு நேர்ந்தது போல, மூன்றாம் ஆண்டில் படிக்கட்டுக்கு அடியில் தற்செயலாகக் கண்டுபிடிக்கும்படி இருக்கக் கூடாது.

“இப்படியெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?” என்றார் தந்தை.

“ஆடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறீர்களே, விற்பவன் கோபித்துக்கொள்கிறானா?” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

மாணவன் நான்கு இடங்களுக்கு எழுதினான். கடிதங்களை எனக்கும் காட்டினான், தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதியவை, இரண்டொரு பிழைகள் இருந்தன, நான் திருத்தவில்லை. இரண்டு இடங்களிலிருந்து அதே வழவழப்பான ஏடு மறுபடியும் வந்தது. ஓரிடத்திலிருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை. நான்காவது இடத்திலிருந்து ஒரு பேராசிரியரே விடை எழுதியிருந்தார். தாம் செய்யும் ஆராய்ச்சி இன்னதென்று அரைப் பக்கத்தில் விளக்கி, அதில் இரண்டு ஆண்டுகளாகத் தமக்கு விடை தெரியாத ஓரிடத்தையும் குறிப்பிட்டு, வசதிப்பட்டால் ஒருநாள் வந்து தம் முதலாண்டு வகுப்பில் அமர்ந்து பார்க்கும்படி எழுதியிருந்தார்.

கட்டணம் அங்கேயும் குறைவில்லை. தோப்பைப் பற்றி அவர்கள் வீட்டில் இன்னும் முடிவு செய்யவில்லை. சென்ற வாரம் தந்தையும் மகனும் அந்த வகுப்பைப் பார்த்து வரப் புறப்பட்டார்கள். பெரியகுளத்தில் நான்தான் பேருந்து ஏற்றிவிட்டேன். தந்தையார் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, “வகுப்புக்குள் என்னையும் உட்கார விடுவார்களா, தம்பி?” என்று கேட்டார். பேருந்து நகர்ந்துவிட்டது.